மேல்மலை மிலாறு

பசறைக்கு மேலே எங்க தோட்டத்துல, கவ்வாத்துன்னு தேயிலையைக் குட்டையா வெட்டி விட்டா, மலையில கிடக்கிற குச்சியை விறகுக்குத் தூக்கிட்டு வர்றது வழக்கம். அதை மிலாறுன்னு சொல்லுவோம். யாரும் கேட்டுக்கிட்டு எடுக்கிறதில்ல. இந்த வருஷம் மட்டும் மேல்மலை மிலாறைத் தொடக் கூடாதுன்னு, காலையில வேலை பிரிச்சுக் கொடுக்கிற பெரட்டுல சொன்னாங்க. குச்சிக்குள்ள எள்ளு அளவு கறுப்பு வண்டு துளை போட்டுக் குடியிருக்காம். குச்சி போற இடமெல்லாம் அதுவும் போகுமாம்.

என் காதுலயும்தான் விழுந்துச்சு. ஆனா விடாத மழை, அடுப்புக்கு ஒரு குச்சி கிடையாது. எரிக்கத்தானே போறோம், வண்டும் சேர்ந்து எரியட்டும்னு ரெண்டு கட்டு தூக்கிட்டு வந்தேன். ஒண்ணைப் பக்கத்து லயத்து வரிசை வீட்டு அக்காவுக்குக் கொடுத்தேன். புருஷன் செத்ததுக்கு அப்புறம், தோட்டத்துல பிரிச்சுக் கொடுத்த தேயிலைத் துண்டை அவங்க ஒத்தையாளாப் பார்க்கிறாங்க, பெரட்டுக்கு வர்றதில்ல. அந்தக் கொழுந்துதான் அவங்களுக்குச் சோறு.

மூணாம் நாள் ஒரு குச்சியை முறிச்சேன். ஊசி குத்தின மாதிரி ஓட்டை, உள்ளே குடைஞ்ச வழி. வண்டைக் காணோம். மிச்சத்தை எல்லாம் அடுப்புல திணிச்சேன். அக்கா வீட்டுக் கட்டும் இந்நேரம் சாம்பலாகியிருக்கும்னு மனசைத் தேத்திப் பார்த்தேன், தேறல. கொடுத்த விறகைத் திருப்பிக் கேட்டா லயமே சிரிக்காதா? அந்தச் சனியன் பிடிச்ச வெட்கத்துலயே ஒரு வாரத்தை ஓட்டினேன். சோறு இறங்கல.

கடைசியில போனேன். அக்கா துண்டுலதான் நின்னாங்க. என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. செடி பட்டுப்போன இடத்துல எல்லாம் போஞ்சி அவரை போட்டு, கொடி படர நான் கொடுத்த மிலாறைப் பக்கத்துல ஊனி வச்சிருந்தாங்க.

"நல்ல நேர் கம்புடி. எரிக்க மனசு வரல."

கம்புக்குப் பக்கத்துத் தேயிலையை விலக்கிப் பார்த்தேன். பச்சைக் கிளையில புது ஓட்டை, அது வாயில வெள்ளைத் தூள். அடுத்த செடியிலயும் இருந்துச்சு. அது மேல்மலை மிலாறுன்னு அப்பதான் சொன்னேன்.

அக்கா குனிஞ்சு ஓட்டையைத் தொட்டுப் பார்த்தாங்க.

"கொடுக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவங்க கம்பு ஒவ்வொண்ணாப் பிடுங்க ஆரம்பிச்சாங்க. நானும் பிடுங்கக் குனிஞ்சேன். வேணாம்னு கையைக் காட்டினாங்க.