புறங்கையில் பூசிய சாம்பிராணி சென்ட்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய் வேலையைப் பார்க்கிற ஆள் நான். மூலக்குளத்தில் வீட்டோடு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து தனியாக நடமாடுகிறவளுக்குப் பயமிருந்தால் பிழைக்க முடியுமா? நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபமில்லை. நானே குமட்டலோடுதான் நம்புகிறேன்.

கடலூரிலிருந்து என் தங்கை சுமதி வந்திருந்தாள். பீச்சைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, வெளியூர்க்காரர்கள் வாங்குகிற ஊதுபத்திக் கடை ஒன்றில் நுழைந்தோம். கடைப் பெண் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் திறந்து, இது சாம்பிராணியும் சந்தனமும் சேர்த்துச் செய்த சென்ட், வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பூசிப் பாருங்கள் என்று மணிக்கட்டை நீட்டச் சொன்னாள். மறுநாள் காலை எனக்குப் பெரிய ஆர்டர் இருந்தது. சாரம் பகுதியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, சமையல்காரர் வேலு அண்ணன் முதல் தடவையாக என்னிடம் மாவு சொல்லியிருந்தார். அது நன்றாக அமைந்தால் அவர் எடுக்கிற விசேஷங்களுக்கெல்லாம் என் மாவுதான். அதனால் மாவு கரைக்கிற வலது கையில் எதுவும் படக்கூடாது என்று இடது கையை நீட்டினேன், அதிலும் உள்பக்கம் வேண்டாமென்று புறங்கையைக் காட்டினேன். சுமதி முகம் சுளித்தாள்.

"புறங்கையிலயா பூசுவாங்க? பொணத்துக்கு எண்ண வெக்கிற மாதிரி இருக்குதுக்கா."

எங்கள் பக்கம் சாவு வீட்டில் பிணத்தைக் குளிப்பாட்டும்போது, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் எண்ணெயையும் சீயக்காயையும் புறங்கையால் தொட்டுத் தலையில் வைப்போம். அதைத்தான் சொன்னாள். போடி பைத்தியம் என்று சிரித்துவிட்டு வந்தேன்.

முதலில் கோயிலுக்குள் நிற்கிற மாதிரி நல்ல வாசனைதான். ஆட்டோ ரெட்டியார்பாளையம் தாண்டுவதற்குள் அது மாறிவிட்டது. வாடின ரோஜா மாலை, ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர், அதற்கடியில் பீடியும் சிக்குப் பிடித்த தலை எண்ணெயும். அது மாமாவின் வாசனை.

மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். அவர் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. போன வருஷம் செத்துப்போனார். செத்தவரைப் பற்றி இப்படிப் பேசக்கூடாது, ஆனாலும் சொல்வேன், எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது. காலையில் நான் பல் விளக்கப் போன நேரம் பார்த்து மாவுக் குண்டானைத் திறப்பார். அந்தக் கறுத்த நகத்தோடு விரலை விட்டு வழித்து நக்குவார். நக்கின விரலையே மறுபடியும் விடுவார். அப்புறம், உப்புப் பத்தல என்று தீர்ப்பு வேறு. எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அவர் செத்தபோது, எண்ணெய் வைத்ததும் இதே புறங்கையால்தான்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவினேன். புளி தேய்த்தேன், எலுமிச்சம்பழத் தோல் தேய்த்தேன். போகவில்லை. வீட்டுக்காரர் மோந்து பார்த்துவிட்டுச் சாம்பிராணி வாசனைதான், நல்லாத்தானே இருக்குது என்றார். சுமதியும் அதையேதான் சொன்னாள். எனக்கு மட்டும் பிணம் நாறியது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையால் எப்போதும் போடுகிற அளவு உப்பைப் போட்டு மாவைக் கரைத்தேன். குண்டானை மூடி, மூடிமேல் குழவிக் கல்லை வைத்து, அடுக்களைக் கதவைத் தாழ்போட்டேன்.

விடிகாலையில் போய்ப் பார்த்தால் தாழ் போட்டபடியே இருக்கிறது, கல் வைத்த இடத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தேன். மாவு விளிம்புவரை பொங்கியிருந்தது. அதன் நடுவில் ஒரு விரல் வழித்த தடம். பக்கத்திலேயே இரண்டாவது தடம். எலி, பல்லி என்று நீங்கள் சொல்வீர்கள். எலி திறந்துவிட்டுக் கல்லைத் திரும்ப எடுத்து வைக்குமா? சுமதி அப்போதுதான் கொட்டாவி விட்டுக்கொண்டு எழுந்து வருகிறாள். அந்த இரண்டாவது தடத்தைப் பார்த்ததும் வாயில் எச்சில் ஊறி, ஓடிப்போய்க் கொல்லையில் துப்பினேன்.

மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டுகிறேன் என்று குண்டானைப் பிடித்தேன். வீட்டுக்காரர் விடவில்லை. வாசலில் அவருடைய லோடு ஆட்டோ தயாராக நின்றது. அந்தப் பக்கம் வேலு அண்ணன் போன்மேல் போன்.

"இதக் கொட்டிட்டா அவரு இனிமே நம்ம பக்கமே வரமாட்டாரு, செல்வி. மேலாப்ல வழிச்சிப் போட்டுட்டு அனுப்பு."

வழித்துத் தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு மீதியை அனுப்பினேன். வேண்டாத தெய்வமில்லை. மத்தியானம் வேலு அண்ணன் கூப்பிட்டார். எடுக்கவே கை வரவில்லை.

"மாவு பூ மாதிரி வந்துச்சும்மா. எல்லாரும் கேட்டு வாங்கிச் சாப்ட்டாங்க. உப்புதான் கொஞ்சம் பத்தல."

போனை வைத்துவிட்டு இடது கையை மறுபடியும் புளி போட்டுத் தேய்த்தேன்.

சென்ட் வாசனை ஒரு வாரத்தில் போய்விட்டது. வேலு அண்ணன் ஆர்டர் நிலைத்துவிட்டது, அதில்தான் எங்கள் குடும்பம் ஓடுகிறது. நான் மட்டும் என் மாவில் சுட்ட இட்லியைத் தொடுவதில்லை. ஏனென்றால் எப்போதாவது ஒரு நாள் மூடியைத் திறக்கும்போது, புறங்கையிலிருந்து அந்தப் பீடி வாசனை எழும்பும். நடுவில் அந்த இரண்டு தடமும் இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மேலே வழித்துக் கொட்டுகிறேன். கொட்டிவிட்டு, கொஞ்சம் உப்பும் சேர்க்கிறேன். இதுவரை ஒரு தடவைகூட அந்த விரல் தப்பாகச் சொன்னதில்லை.