சீனி கிளினிக்கில் ஒன்பது கேள்விகள்

சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு, முதலில் இரத்தம் பார்க்க விரலில் குத்துவார்கள். அது முடிய என்னிடம் அனுப்புவார்கள், நான் மனத்தைப் பற்றிக் கேட்பேன். தீவுப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் கிளினிக்கில் இதுதான் என் உத்தியோகம். கடந்த இரண்டு கிழமையில் நித்திரை வந்ததா, பசித்ததா, அழுகை வந்ததா என்று ஒன்பது கேள்விகள். எங்கள் வீட்டில் பட்டம் எடுத்த முதல் ஆள் நான். படிவத்தில் ஒரு பெட்டி வெறுமையாகக் கிடந்தாலும் எனக்குக் கை வேர்க்கும். படிவம் நிரப்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்த வருத்தம் விளங்கும்.

மச்சாளின் பதில்

இது நான் கண்டதில்லை. எனக்கு முன்பு இந்தக் கதிரையில் இருந்த அக்கா சொன்னது. அப்போது எல்லாரும் வரிசையில் நிற்க, அங்கேயே வைத்துக் கேள்விகளைக் கேட்பார்களாம். சரவணை என்ற ஊரில் இருந்து வந்த கமக்கார ஐயா ஒருவரிடம் அழுகை வருகிறதா என்று கேட்டிருக்கிறார். ஐயா வாய் திறக்கமுன், பின்னால் நின்ற அவருடைய மச்சாள், "அவருக்கென்ன கவலை? மூண்டு பிள்ளையளும் கனடாவில. இல்லையெண்டு போடுங்கோ மிஸ்" என்றாராம். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஐயா நிலத்தைப் பார்த்தபடி சொன்னாராம்: "ஓம், அவ சொல்லுறதையே எழுதுங்கோ."

அலுமாரிக்குப் பின்னால்

அதற்குப் பிறகு மேசையை மருந்து அலுமாரிக்குப் பின்னால் மாற்றிவிட்டார்கள். அங்கேயும் பயம் போகவில்லை, எனக்குத்தான். நயினாதீவில் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவரிடம், எதையும் செய்ய மனமில்லாமல் இருக்கிறதா என்று கேட்டேன். நான் ஒரே மூச்சில் வாசித்து முடித்ததைக் கண்டு அவர் சொன்னார்: "பிள்ளை, முதல் நீர் கொஞ்சம் தண்ணி குடியும். பிறகு ஆறுதலாக் கேளும்."

நல்ல கொன்ரோல்

எழுவைதீவில் இருந்து வரும் மகேஸ் அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்து எட்டு மாதம், தனியே இருக்கிறார். ஒரு கிளினிக் நாளில் அவருக்குச் சீனி நன்றாக இறங்கியிருந்தது, உடல் நிறையும் இறங்கியிருந்தது. எங்கள் கிளினிக்கில் ஒரு பழக்கம்: சீனி இறங்கியவரை எழுப்பி நிறுத்திக் கைதட்டுவோம். "நல்ல கொன்ரோல்! இவவைப் பார்த்துப் பழகுங்கோ" என்றார் தாதி. நானும் தட்டினேன்.

பிறகு என்னிடம் வந்தார். பசி குறைவோ என்று கேட்டேன். "குறைவுதான். டொக்டர் குறைக்கச் சொன்னவர்தானே." சொல்வழி கேட்கிற ஆள் என்று சந்தோஷப்பட்டு, அந்தப் பெட்டியில் பிரச்சினை இல்லை என்று போட்டேன். ஒன்பதாவது கேள்வி, செத்தால் நல்லது என்ற நினைப்பு வருகிறதா என்பது. நான் தொடங்கமுன்பே, படகுக்கு நேரமாகிறதென்று பையைத் தூக்கிவிட்டார். வெறும் பெட்டியைப் பார்த்தேன். அவர் சொன்னபடியே நிரப்பினேன். அவர் சொன்னது: "போட் விட்டிடும் பிள்ளை, அதையும் இல்லையெண்டு போடும்."

படகில் போனது

அடுத்த கிளினிக்குக்கு அவர் வரவில்லை. ரெலிபோனும் வேலை செய்யவில்லை. தாதியிடம் சொன்னேன். "நல்ல கொன்ரோல் ஆள், வருவா" என்றார். நான் கேட்காமலே நிரப்பிய ஒன்பதாவது பெட்டி நினைவுக்கு வந்தது. மறுநாள் காலைப் படகில் ஏறினேன். எழுவைதீவு இறங்குதுறையில் கால் வைத்ததும், செத்தவீட்டுச் சத்தம் ஏதும் கேட்கிறதா என்றுதான் காது கொடுத்தேன்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மகேஸ் அக்கா குசினி நிலத்தில் குந்தியிருந்தார். அடுப்பு மூட்டிப் பல நாளாகியிருக்கும். போன மாதம் கொடுத்த மருந்துப் பை முடிச்சு அவிழ்க்காமல் ஆணியில் தொங்கியது. நான் படிவத்தை வெளியே எடுக்கவில்லை. பக்கத்தில் குந்தி, "செத்தால் நல்லதெண்டு நினைப்பு வருதோ அக்கா?" என்று நேரே கேட்டேன். "ஓம்" என்றார்.

மத்தியானப் படகில் இரண்டு பேரும் வந்து டொக்டரைப் பார்த்தோம். இப்போது மனநலப் பிரிவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை வருகிறார், கொஞ்சம் சாப்பிடுகிறார். கைதட்டிய அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று அந்தப் படகில் வரும்போது கேட்டிருந்தேன். "எல்லாரும் கைதட்டினியள். பிறகு எப்பிடிப் பிள்ளை சொல்லுறது, சாப்பிட மனமில்லாமல்தான் மெலிஞ்சனான் எண்டு?"

பிறகு அவருடைய கோப்பை எடுத்துச் சரிபார்த்தேன்: கடைசி மூன்று மாதமும் நிறை இறங்கியிருக்கிறது, மூன்று மாதமும் பக்கத்தில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதியிருக்கிறது, மூன்றாவது தடவை எழுதிய கை என்னுடையது.