குஞ்சம்மாளும் பேட்டரி வண்டியும்

கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வருகிறவர் குஞ்சம்மாள். நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர், நாற்பத்தாறு வயதில் நகராட்சியின் பேட்டரி வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டார். அதுவரை சைக்கிளைக்கூடத் தொட்டதில்லை. ஆளில்லாத சந்திலும் ஹாரன் அடிப்பார். அந்த வண்டி என்றால் அவருக்கு உயிர்.

மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி என்றபோது எங்கள் தெரு மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டது. சிக்கல் கிழமையில்தான். செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். கொடுத்தால் லட்சுமி கூடவே போய்விடுவாளாம். வாழைப்பழத் தோலோடு எந்த லட்சுமி போவாள் என்று கேட்டால், என் மனைவியே என்னை முறைப்பாள். இதனால் புதனும் சனியும் தெருவே நாறும்.

ஒருநாள் மேற்பார்வையாளர் கறாராகச் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பிரித்த குப்பையை எடை போடுவார்; எடை குறைந்தால் வண்டி வேறு ஆளுக்கு, குஞ்சம்மாள் உரக்கிடங்குக்கு. அன்று அவர் ஹாரனே அடிக்கவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் இரண்டு மூட்டை எருவோடு வந்தார். எங்கள் குப்பையே உரக்கிடங்கில் மக்கி எருவானதுதான். நேராக ராஜாம்பாள் வீட்டுக்குப் போனார். தெருவில் கிழமை பார்ப்பதில் ராஜாம்பாளை மிஞ்ச ஆள் கிடையாது.

“குடுத்தாத்தானம்மா லட்சுமி போவா? இது மாத்திக்கிறதுங்க. குப்பை வெளிய வருது, எரு உள்ள போவுது.”

ராஜாம்பாள் தன் மல்லிகைத் தொட்டியைப் பார்த்தார், எருவைப் பார்த்தார். பச்சை வாளியை எடுத்து வந்தார். அப்புறம் தெருவே வரிசையில் நின்றது. எருவை இன்னும் ஒரு கை ஜாஸ்தியாகப் போடச் சொல்லிச் சண்டைகூட வந்தது.

எடை போட்டதில் எங்கள் தெருதான் முதலிடம். அதிகாரி பூரித்துப்போனார். இப்படிப்பட்ட மூளை வண்டி ஓட்டி வீணாகக்கூடாது, நாளை முதல் உரக்கிடங்குக்கே குஞ்சம்மாள்தான் பொறுப்பு என்றார். நாங்கள் விவரமில்லாமல் கைதட்டினோம்.

குஞ்சம்மாளுக்கு முகம் செத்துப்போயிற்று. வண்டியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்தத் தெருவ நம்பாதீங்க சார். நான் அந்தாண்ட போனதும் எல்லாத்தியும் ஒண்ணா கலந்து கொட்டிடுவாங்க. வேணும்னா அவங்களையே கேளுங்க.”

அதிகாரி எங்களைப் பார்த்தார். எங்களை யாரும் இவ்வளவு கேவலமாகப் பேசியதில்லை. முதல் ஆளாக ராஜாம்பாள்தான் முன்னால் வந்தார்.

“ஆமாங்க சார், நாங்க அப்பிடித்தான்” என்றார்.

பின்னால் நின்ற நாங்கள் அத்தனை பேரும் தலையாட்டினோம்.