பழையாற்றில் விட்ட படங்கள்

வைகுண்டமணி சேர்த்துவைத்திருந்த படங்களை அவன் வீட்டார் பழையாற்றில் விட்டுவிட்டார்கள். இது அநியாயம். செய்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் விட்டிருக்கிறார்கள். அதனால் அநியாயம் குறைந்துவிடவில்லை. குப்பையில் போட்டிருந்தால் நான் போய்ப் பொறுக்கியிருப்பேன்.

அவன் இறந்த செய்தியும் இந்தச் செய்தியும் எனக்கு ஒரே வாயிலிருந்து வந்தன. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு, குழித்துறையில் மகள் வீட்டில் படுத்திருந்தேன். கார்த்திகை பிறந்து எழுந்து நடமாடத் தொடங்கியதும் ஊர் திரும்ப பஸ்ஸுக்குப் போனேன். அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்த மணி வேலையை விட்ட பிறகு வந்த கண்டக்டர் என்னைக் கண்டு கீழே இறங்கினார். "பாட்டா, உங்க கூட்டுக்காரரு போயாச்சு. பதினாறும் கழிஞ்சாச்சு" என்றார். மகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. என் உடம்பைக் கருதிச் சொல்லவில்லையாம். நம் ஊரில் எல்லாக் கெடுதலும் யாரோ ஒருவருடைய நன்மையைக் கருதித்தான் நடக்கிறது. படங்கள் என்னவாயின என்று கேட்டேன். என்னைத் தேற்றுவதாக எண்ணிக்கொண்டு அவர் சொன்னார்: "அதையும் முறையா ஆத்தில விட்டாச்சு பாட்டா."

இதை வாசிக்கிறவர்களில் பலர் மணியிடம் டிக்கெட் வாங்கியிருப்பீர்கள். குடை பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறுகிறவர்களைத் திட்டியவன், சந்தை நாளில் மீன் கடவப்பெட்டியை முன் சீட்டுக்குக் கீழே வைக்க விட்டவன் என்று நினைவிருக்கலாம். அவன் தோல் பையில் சில்லறைக்கு ஒரு அறையும் படங்களுக்கு ஒரு அறையும் இருந்தன. இரண்டாவது அறையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்துப் படிப்பு இல்லாதவன். கயிற்றுக் கடையில் உட்கார்ந்து, சரக்கு சுற்றிவரும் பத்திரிகைத் தாள்களில் எழுத்துக் கூட்டிப் பழகியவன். எழுத்தில் குறை இருந்தால் இருக்கட்டும். விஷயத்தில் குறை இல்லை.

கோட்டாற்றில் என் கடைக்கு அடுத்தது படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடை. சுதந்திரம் வந்த ஆண்டில் அங்கே கூட்டம் தாங்கவில்லை. எல்லாருக்கும் தலைவர்கள் படம் வேண்டும். யுத்தம் முடிந்தும் கண்ணாடி எளிதில் கிடைக்காத காலம். ஆகவே வீட்டில் மாட்டியிருந்த பழைய படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வருவார்கள். கடைக்காரர் பின்பக்க ஆணிகளைப் பிடுங்குவார், உள்ளே இருக்கிற ஆளை எடுப்பார், கண்ணாடியைச் சாம்பல் போட்டுத் துடைப்பார், தலைவரை வைப்பார். வெளியே வந்த படத்தின் அட்டை கனமாக இருந்தால் அதையே தலைவருக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து ஆணி அடித்துவிடுவார். மெலிந்த அட்டைகள் பசை காய்ச்சும் அடுப்புக்குப் போகும்.

மணி ஒருநாள் தன் வீட்டுப் படம் ஒன்றுக்குச் சட்டம் போட வந்து காத்திருந்தான். அடுப்போரம் கிடந்த ஒரு படத்தை எடுத்துப் பார்த்தான். கணவனும் மனைவியும், நடுவில் ஒரு ஸ்டூலில் குழந்தை. குழந்தை அசைந்துவிட்டதால் அதற்கு முகம் இல்லை. இது யார் என்று கடைக்காரரிடம் கேட்டான். "யாரு கண்டா அண்ணாச்சி? ஆனா கண்ணாடி நல்ல கண்ணாடி" என்றார் அவர். மணி தன் படத்தை மறந்துவிட்டு அந்தப் படத்தோடு போய்விட்டான். அன்று தொடங்கியது.

பிறகு எங்கெங்கோ இருந்து சேர்ந்தன. புதுக்கடைச் சந்தையில் பொட்டலம் மடிக்கும் பழங்கடுதாசிக் கட்டுகளைக் குனிந்து துழாவுவான். கிறிஸ்தவ வீடுகளில் வெள்ளையடிக்கும்போது வெளியே வீசுவதைக் கேட்டு வாங்குவான். கல்யாண ஜோடிகள், ஞானஸ்நானக் குழந்தைகள், புதுக் கடை திறந்து தராசோடு நின்றவர், பின்பக்கம் தபால் கார்டு மாதிரிக் கோடு போட்ட போட்டோ கார்டுகள். தலைவர், ராஜா, திவான் படம் கொடுத்தால் வாங்கமாட்டான். ஊரான் வீட்டுப் பிணங்களை எதற்குடே சுமந்துகொண்டு அலைகிறாய் என்று நான் கேலி செய்தேன். அவன் கோபப்படவில்லை. "பேரு தெரிஞ்சவன் படத்துக்கு ஆளு உண்டும் ஓய். இவியளுக்கு நான்தான் உண்டு" என்றான்.

அவன் அய்யா வழிக்காரன். அவர்கள் கும்பிடும் நிழல் தாங்கலில் உள்ளே சாமி சிலை இருக்காது, நிலைக்கண்ணாடிதான் இருக்கும். கும்பிடப் போகிறவன் தன் முகத்தைத்தான் பார்த்துக் கும்பிட வேண்டும். இந்தப் படங்களைப் பற்றி அவன் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது: "இது எல்லாம் கண்ணாடியில நின்னு போன முகம். நகந்து போனவன் திரும்பி வந்து கேட்டா எடுத்துக் கொடுக்கணுமில்லியா?"

அதுதான் அவன் முறை. சேர்ப்பது வைத்துக்கொள்ள அல்ல. பையில் சில படங்களோடு பஸ் ஏறுவான். டிக்கெட் கிழித்துக் கொடுத்த கையோடு ஒரு படத்தையும் நீட்டுவான், யாரென்று தெரிகிறதா என்று. "நமக்க ஜாதகம் கேக்காம டிக்கெட் தரமாட்டீரா?" என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டல் செய்த ஒருவரே தக்கலை தாண்டும்போது தன் தாய்மாமனைக் கண்டுபிடித்து அழுதுகொண்டு இறங்கினார். படம் அவரோடு போயிற்று. இப்படிப் போனவை கொஞ்சம்தான். மிச்சம் அவன் தகரப் பெட்டியில் கிடந்தன.

தங்கம்மை அந்த பஸ்ஸில்தான் வந்தாள். குழித்துறைக்காரி, முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். அவள் கணவர் யுத்தத்துக்கு முன்பு மலேயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதம் இல்லை. இறந்தார் என்ற செய்தியும் இல்லை. கப்பலுக்குப் போகும் முன் கூட வந்த இரண்டு பேரோடு கோட்டாற்றில் படம் எடுத்திருப்பதாகவும், கார்டு வீட்டுக்கு வரும் என்றும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வரவில்லை. மணி ஒருநாள் அவளிடம் நீட்டியது அந்தக் கார்டு. புதுக்கடைச் சந்தையில் பொட்டலக் கடுதாசிக்குள் அகப்பட்டது.

அதை நானும் பார்த்திருக்கிறேன். பின்னால் வரைந்த மாளிகைப் படிக்கட்டு. மூன்று பேர். நடுவில் உட்கார்ந்திருப்பவர்தான் தங்கம்மையின் கணவர், ஸ்டூடியோக்காரரின் கோட்டைப் போட்டிருந்தார். அந்த ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அந்த ஒரே கோட்டுதான். மணியின் பெட்டியில் அந்தக் கோட்டை எத்தனையோ ஆட்கள் மேல் பார்க்கலாம். இவருக்கு அது பெரிது. விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரியும். இடது புருவத்தில் ஒரு வெட்டு.

மணி அதை அவளுக்கே கொடுத்தான். அவள் வாங்கவில்லை. இறங்க வேண்டிய இடம் கடந்து, கோட்டாறு வரை வந்து, திரும்பும்போதுதான் பேசினாளாம். மணி எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன்: "வீட்டுக்குக் கொண்டு போனா எனக்க மாமியா ஆணி அடிச்சி மாட்டிருவா அண்ணாச்சி. மாலையும் போட்டு, பொட்டும் வெச்சி, வெளக்கும் கொளுத்திருவா. பிறகு அவரு செத்த ஆளுதானே. உங்க கையில இருக்கட்டும். பையில இருக்கிற வரைக்கும் அவரு வழியில வந்துட்டு இருக்காருன்னு இருக்கும்."

அவள் சொன்னது சரி. நம் வீடுகளில் சுவரில் ஏறுகிற சாதாரண மனிதன் செத்தவன்தான். அதற்குப் பிறகு அவள் சந்தை நாளில் பஸ் ஏறினால் மணி டிக்கெட்டோடு கார்டையும் கொடுப்பான். தக்கலை வரை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். இறங்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவாள். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. கால் வீங்கி மணி வேலையை விட்ட பிறகு கோட்டாற்றில் அவன் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள். வீட்டில் முகம் சுளித்தார்கள். இவன் கல்யாணம் செய்யாதவன். இருந்தது அக்காள் மகன் சுயம்புவின் வீடு. ஒரு பெண் எதற்கு வருகிறாள் என்ற கேள்வி இருக்கத்தானே செய்யும். மணி விளக்கம் சொல்லவில்லை. அவள் பெயர் அடிபடக் கூடாது என்றான்.

ஊருக்கு வந்ததும் நேரே சுயம்புவிடம் போனேன். மரியாதையான பையன். நாற்காலி போட்டான், கருப்பட்டிக் காப்பி கொடுத்தான். நான் குடிக்கவில்லை.

"குப்பையில போடல்ல மாமா. செத்தவங்க படம் இல்லியா? எந்தக் குடும்பமோ, எந்தச் சாவோ. அதெல்லாம் நம்ம வீட்டில இருக்கலாமா? ஆறு நிறைஞ்சி ஓடிச்சு. கும்பிட்டுட்டுத்தான் விட்டோம்."

"செத்தவங்கன்னு உனக்கு யாருடே சொன்னது?"

அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "உசிரோட இருக்கிறவன் படத்தை யாரு மாமா பெட்டியில பூட்டி வெப்பா?"

சாமி படம் உடைந்தால் குப்பையில் போடக்கூடாது, ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்பது நம் வழக்கம். அதே மரியாதையைத்தான் செய்திருக்கிறான். தன் வாழ்நாளில் கற்பூரம் தொடாதவனுடைய படங்களுக்குக் கற்பூரம் காட்டி அனுப்பியிருக்கிறான். வேண்டுமென்றே தப்பு செய்தவனோடு சண்டை போடலாம். இவனோடு என்ன போடுவது? பெட்டி எங்கே என்றேன். அரிசி போட்டு வைத்திருக்கிறார்களாம். "பெட்டி நல்ல பெட்டி மாமா" என்றான்.

ஆற்றங்கரைக்கும் போய்ப் பார்த்தேன். பாலத்துக்குக் கீழே வாழைத்தண்டும் நுரையும் அடைத்திருந்தன. ஒரு படமும் இல்லை. மணக்குடிக் கடலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

தங்கம்மையிடம் சொல்ல வேண்டியது என் தலையில் விழுந்தது. வேறு யாருக்கும் அவளைத் தெரியாது. அவள் முந்திரி உடைக்கும் கொட்டை ஆபீஸ் வாசலில் நின்று சொன்னேன். முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். அழவில்லை.

"ஆத்திலயா விட்டாவ?"

"ஆமா மக்களே."

"கற்பூரமும் கொளுத்தினாவளோ?"

நான் பொய் சொல்லிப் பழகாதவன். ஆமாம் என்றேன்.

"அப்பம் அவருக்குக் காரியம் முடிஞ்சி போச்சு" என்றாள். "நான் செய்யாம வெச்சிருந்தேன். யாரோ செஞ்சிட்டாவ."

உள்ளே வேலைக்கு மணி அடித்தது. போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் வருவதில்லை என்று கண்டக்டர் சொல்கிறார்.

மணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது பொருள் எதுவும் இல்லை. யாருடைய படத்தைக் கண்டாலும் இது யார் என்று கேட்கும் பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்திருக்கின்றன. பிரேம் கடையில் மறுபடியும் கூட்டம். மறுபடியும் ஆணி பிடுங்குகிறார்கள். என் கடை வாசலில் நின்று, இது யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்கிறார்கள். ஆகவே நடக்கும் என்ற நம்பிக்கை இல்லாமலேயே, செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

பிரேம் கடைக்காரர்கள் கழற்றிய படத்தை அடுப்பில் வைக்கக் கூடாது. கடை வாசலில் ஒரு கயிறு கட்டித் தொங்கவிட வேண்டும். கயிறு நான் தருகிறேன், விலை வேண்டாம்.

ஸ்டூடியோக்காரர்கள் படம் பிடித்த பழைய கண்ணாடித் தட்டுகளைக் கழுவி அலமாரிக் கதவுக்கு விற்பதை நிறுத்த வேண்டும். அந்தக் கோட்டு வைத்திருந்த ஸ்டூடியோவின் தட்டுகள் அப்படித்தான் போயின. கேட்டுவிட்டேன்.

புதுக்கடைத் தடத்துக் கண்டக்டர்கள் பையில் ஒரு அறை ஒதுக்க வேண்டும்.

சுயம்பு மன்னிப்புக் கேட்க வேண்டாம். அரிசியைக் கொட்டிவிட்டுப் பெட்டியைத் திருப்பித் தர வேண்டும். படம் இல்லாவிட்டாலும் அது மணியின் பெட்டி.

சுதந்திர ஆண்டில் கோட்டாற்றில் சட்டம் போட்டவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, பின்பக்க ஆணிகளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். தலைவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பின்னால் யாராவது இருப்பார்கள். பெரும்பாலும் கரையான் தின்ற அட்டையாக இருக்கும். இருந்தாலும் பாருங்கள்.

மூன்று பேர் எடுத்த படம் ஒரே கார்டோடு நின்றிருக்காது. கூட உட்கார்ந்த இருவர் வீட்டிலும் ஒவ்வொன்று போயிருக்க வேண்டும். அவர்கள் புதுக்கடைப் பக்கத்துக்காரர்கள், பெயர் தெரியவில்லை. மாளிகைப் படிக்கட்டு, நடுவில் பெரிய கோட்டு, இடது புருவத்தில் வெட்டு. யார் வீட்டில் இருந்தாலும் கோட்டாற்றுக் கயிற்றுக் கடையில் கொண்டுவந்து தர வேண்டும். கழுவ வேண்டாம், சட்டம் போட வேண்டாம், பொட்டு வைக்க வேண்டாம். மாலை போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள்.