நாலு ஸ்கொயர் வயர்

எங்கள் அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாத வேலை இந்தத் தீவில் கிடையாது. அத்தான் காண்ட்ராக்டர். ஊரெல்லாம் சுவர் எழுப்பியவர் என்பதால், சுவருக்குள் ஓடும் கரண்டும் தன் பேச்சைக் கேட்கும் என்று நினைப்பு. பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீட்டில் அப்பாவுக்கென்று ஓர் அறை கட்டியபோது, யாரும் அழைக்காமலே வந்து பொறுப்பெடுத்துக்கொண்டார்.

அந்த அறை ஆடம்பரத்துக்குக் கட்டியதல்ல. அப்பா தீவுக் கப்பல்களின் என்ஜின் ரூமில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். நுரையீரல் கெட்டுவிட்டது. புழுக்கத்தில் நாலு வார்த்தை பேசினால் மூச்சிரைக்கும். ஏ.சி. போட்டே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வயரிங் செய்ய வந்தவர் ஒரு வங்காளி. அறையையும் ஒட்டியிருந்த குளியலறையையும் பார்த்துவிட்டு, “பாய், ஏ.சி., கீஸர் தோனோ கே லியே அலக் மோட்டா தார் சாஹியே” என்றார். இரண்டுக்கும் தனித்தனியாகத் தடித்த வயர், அதாவது உள்ளே செம்பு நாலு ஸ்கொயர் மில்லிமீட்டர். ஒன்றரையெல்லாம் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் என்று துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தார்.

அபர்டீன் பஜாரில் நாலு ஸ்கொயர் இல்லை. கப்பல் வரணும் என்றார்கள். உருளைக்கிழங்கு முதல் லாரி டயர் வரை இங்கே எது கேட்டாலும் இந்த ஒரு பதில்தான். அத்தான் கடையிலிருந்த ஒன்றரை ஸ்கொயர் வயரை எடுத்து இரு விரலால் நசுக்கிப் பார்த்தார்.

“நல்லா தடியாத்தானே இருக்கு மாப்ள. இப்போதைக்கு இதையே இழுத்துருவோம். ரெண்டுக்கும் ஒரே லைன் போதும். ஜஹாஜ் வந்ததும் மாத்திக்கலாம். சல்தா ஹை, ஓடும்.”

தடியாக இருந்தது மேலே இருந்த பிளாஸ்டிக். கரண்ட் போகவேண்டிய செம்பு உள்ளே நோஞ்சானாகக் கிடந்தது. ஆளையே சட்டையைப் பார்த்து மதிப்பிடுகிறவர், வயரை மட்டும் எப்படிப் பார்ப்பார்? வங்காளி வாதாடவில்லை. “ஆப் கா கர் ஹை” என்று சொல்லிவிட்டு, கொடுத்ததை இழுத்து முடித்தார். உங்கள் வீடு, உங்கள் இஷ்டம். மறுநாளே கொத்தனார் பூசி மூடினார். சுவருக்குப் பச்சைப் பெயிண்டும் ஏறியது.

கப்பல் வந்தது. ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் ஆபீசில் உட்கார்ந்திருக்கிறவன் நான், எனக்குத் தெரியாமல் வருமா? நாலு ஸ்கொயர் காயில்களை வாங்கி ஃபெர்ரியில் சுமந்து வந்தேன். புதுச் சுவரைப் பார்த்தேன். உடைக்க மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று காயில்களை அப்பாவின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போய்க்கொண்டிருந்தன.

ஏ.சி. ஓடும்போது கீஸரையும் போட்டால், கொஞ்ச நேரத்தில் எம்.சி.பி. விழுந்து லைனை அணைத்துவிடும். அது பதினாறு ஆம்பியர். வயர் தாங்காது என்று அது ஒன்றுதான் அந்த வீட்டில் உண்மை பேசிக்கொண்டிருந்தது. அத்தான் அதைக் கழற்றி எறிந்துவிட்டு முப்பத்திரண்டு மாட்டினார்.

“இப்ப விழச் சொல்லு, பாப்போம்!”

விழவில்லை. மூச்சு முட்டிக் கத்துகிறவனின் வாயைப் பொத்திவிட்டு, குணமாகிவிட்டது என்று சொல்லும் வைத்தியம் அது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் நிம்மதியாக இருந்தது.

“ஏதோ வாடை வருதுடா” என்றார் அப்பா ஒருநாள்.

“புதுப் பெயிண்ட்டுப்பா.”

இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னார். நானும் அதே பதிலைச் சொன்னேன். முப்பது வருஷம் என்ஜின் ரூமில் கிடந்த மூக்குக்கு, மேஜையில் உட்கார்ந்து பேப்பர் புரட்டுகிற நான் வாடை சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீடு திரும்பியபோது, அப்பா வாசலில் கொதிக்கிற வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. ஏ.சி.யோடு கீஸரையும் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குப் போகும்போது சுவரில் கை ஊன்றியிருக்கிறார். சுவர் சுட்டிருக்கிறது. தட்டுத்தடுமாறிப் போய் மெயினை அணைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார். நான் உள்ளே ஓடித் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சூடு இருந்தது. அவர் தலைமாட்டுச் சுவர்.

வங்காளி வந்து சுவரை உடைத்தார். வயரின் தோல் கருகிய அப்பளம் போல உதிர்ந்தது. “இந்த மாதிரி சரக்கெல்லாம் அனுப்புறான் மெயின்லேண்ட்காரன்” என்று அத்தான் ஆரம்பித்தார். வெட்கம் என்பதை அவருக்கு எந்தக் கப்பலிலும் அனுப்பவில்லை. அவரை முறைத்தபடி, கிழிப்பதற்கு நான் வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

“மோட்டா தார் ஹை க்யா? இல்ல, ஜஹாஜ் வரணுமா?” என்று வங்காளி என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அப்பா சொன்னார்.

“என் கட்டிலுக்குக் கீழ பாரு பாய். மூணு மாசமா அதுக்கு மேலதான் படுத்திருக்கேன்.”

நானே குனிந்து இழுத்தேன். மேல்காகிதம் கூடப் பிரிக்காத காயில்கள், தூசி படிந்து கிடந்தன. அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். “வயரை வீட்லயே வெச்சுக்கிட்டா என்னைய முறைச்ச?” சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவர்மேல் எறிய எனக்கு யோக்கியதை இல்லை.

தனித்தனி லைன் இழுத்தாயிற்று. லைனுக்கு ஒன்றாகப் பதினாறு ஆம்பியர் எம்.சி.பி.யும் வந்தது. உடைத்த இடத்தைப் பூசி வேறு பச்சையில் பெயிண்ட் அடித்தோம். அறை குளிர்ந்ததும் அப்பா படுத்துக்கொண்டார். நான் வாசற்படியில் நின்றேன். அவர் கண்ணை மூடியபடியே ஒருமுறை நன்றாக மூச்சை இழுத்தார்.

“இப்ப வருது பாரு. இதுதான்டா பெயிண்ட்டு வாடை.”