மடிந்த முழங்கை

எண்பதுகளின் நடுவில், சுவிஸின் லுசேர்ண் நகரில் வேலை செய்த ஹோட்டல் ஒன்றில் பெரிய சூப் பானையைத் தூக்கித் தோளைக் கெடுத்துக்கொண்டேன். ஊரில் நான் வேகப்பந்து வீச்சாளன். சிகிச்சைப் பயிற்சி தந்த சுவிஸ்காரி கிரிக்கெட்டைக் கண்டதேயில்லை. முழங்கையை மடித்து எறியப் பழக்கினாள், வலி விட்டது. கை மடிந்தால் அந்தப் பந்து செல்லாது என்றேன். சிரித்தாள். பிறகு தனியே கையை நிமிர்த்திப் பழகினேன். நிமிர்ந்துவிட்டது என்றே நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பெடியளின் கிரிக்கெட் ஆட்டத்தில் முதல் பந்திலேயே நடு ஸ்டம்ப் பறந்தது. வலியே இல்லை. திரும்பினால், நடுவராக நின்ற என் அறை நண்பன் கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தான். நோ போல், செல்லாத பந்து.

"எறியிறாய் மச்சான்."

"உனக்கென்ன விசரோ? கை நேராத்தானே இருந்தது."

"இல்லை, மடிஞ்சது. நான் பாத்தனான்."

அடுத்த பந்துக்கு முழங்கையை விறைப்பாக வைத்து ஓடிவந்து வீசினேன். தோள் வலியில் உயிர் போனது. இந்த முறை நண்பனின் கை நீளவில்லை.