கல்லுக்கு எது வலது

சமையலறைப் பலகையில் பித்தளை டம்ளர்கள் தாமாகவே ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். எனக்கு நினைவிருக்கும் முதல் சத்தம் அதுதான். பூமிக்கடியில், சுரங்கத்துக்குள் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போவாள். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் எல்லா வாசல்களிலும் பெண்கள் நிற்பார்கள். யாரும் பேசமாட்டார்கள். அப்படிப்பட்ட மௌனத்துக்குப் பிறகு எழுதவேண்டியதை எழுதுவதுதான் என் தொழில்: கல்லறைக் கல்லுக்கு வாசகம்.

தங்கச் சுரங்கம் மூடியபின், சர்வே ஆபீசில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த என் கணவர் எங்கள் ஊரின் கோரமண்டல் பகுதியில், கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சாலையில் ஒரு கல் கடை வைத்தார். அவர் கல் வாங்கினார், கல்தச்சர் பெருமாள் செதுக்கினார், தமிழில் பி.ஏ. படித்துவிட்டு வீட்டில் இருந்த நான் வாசகம் எழுதினேன். கணவர் போய், அவருக்கான நான்கு வரியையும் நானே எழுதிக் கொடுத்து, இன்னும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ஆளை நான்கு வரியில் அடக்கச் சொல்லி யாராவது எப்போதாவது உங்கள் கையில் பேனாவைக் கொடுத்திருந்தால், நீங்களும் என் கட்சி. உங்களுக்குத்தான் இது.

பிக்காஸ்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் வெகு தூரம். ஆனால் பழைய வெள்ளைக்காரக் கல்லறைகளில் நங்கூரம் உண்டு. புயலிலும் கப்பலைப் பிடித்து நிறுத்துவதால் அது நம்பிக்கையின் அடையாளம். கடலோரத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களுக்கு அது பழகிய சாமான்.

ஒருநாள் ஒரு பெரியவர் அண்ணனுக்குக் கல் சொல்ல வந்தார். போனில் அந்த நங்கூரத்தின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி பிக்காஸ் போடுங்கம்மா" என்றார். பாறை உடைக்கிற பிக்காஸ். வளைந்த இரண்டு முனை, நடுவில் ஒரு தண்டு; தலைகீழாகப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பில்லை. நான் கப்பலைப் பற்றியும் அலையைப் பற்றியும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்க அண்ணன் முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டுல இருந்தாரு. அவுரு எங்கம்மா கப்பலைக் கண்டாரு? நீங்க பிக்காஸே போடுங்க, கர்த்தருக்குப் புரியும்."

பட்டம்

சிலுவையின் உச்சியில் நான்கு ஆங்கில எழுத்துகள் வெட்டுவது உண்டு: ஐ.என்.ஆர்.ஐ. இயேசுவின் தலைக்கு மேல் அன்று மாட்டிய பலகையின் லத்தீன் வாசகம், சுருக்கமாக. நசரேத்து இயேசு, யூதரின் அரசர் என்று பொருள். பெங்களூருக்கு தினமும் ரயிலில் போய்வரும் ஒரு பெண், தாத்தாவுக்குக் கல் சொல்ல வந்தவள், மாதிரிக் கல்லில் இருந்த அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆன்ட்டி, எங்க தாத்தா எஸ்.எஸ்.எல்.சி.தான். இந்த டிகிரி அவருக்குப் போட்டா ப்ராப்ளம் ஆகாதா?"

பலகை

அந்தப் பலகையை எழுதியவன்மேல் எனக்கு ஒரு தொழில் பொறாமை உண்டு. இறந்துபோகிறவனைப் பற்றி எழுதியதில் உலகம் அதிகமாகப் படித்தது அதுவாகத்தான் இருக்கும். மூன்று மொழியில் இருந்தது என்கிறார், இயேசுவின் வரலாற்றை எழுதிய நால்வரில் ஒருவரான யோவான். எங்கள் கல்லிலும் மூன்று மொழி வரும்: தமிழ், கன்னடம், இங்கிலீஷ். ஆனால் அவ்வளவு பேர் நிமிர்ந்து பார்த்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்பதில் நான்கு சுவிசேஷக்காரர்களும் ஒத்துப்போகவில்லை. மாற்கு பதவியை மட்டும் சொல்கிறார். லூக்கா "இவன்" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார். மத்தேயு பெயரையும் சேர்க்கிறார். யோவான் ஊரையும். கல்லூரியில் படிக்கும்போது இது என்னைத் தூங்கவிடாமல் தொந்தரவு செய்தது. பலகையையே ஒழுங்காகப் படிக்காதவர்கள் மற்றதை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

பல வருடம் கழித்து ஒரு குடும்பம் கடைக்கு வந்தது. அப்பாவுக்குக் கல், பிள்ளைகள் நான்கு பேர். மூத்தவன் "கண்டிப்பான தகப்பன்" என்று போடச் சொன்னான். அடுத்தவள் "அன்பான" என்றாள். மூன்றாமவன், மேஸ்திரி என்று பதவியைப் போட்டால் போதும் என்றான். கடைசிப் பெண் அப்பாவின் சொந்த ஊர் பெயர் வேண்டும் என்றாள். வட ஆற்காட்டில், அவர் ஒருமுறைகூடத் திரும்பிப் போகாத ஊர்.

"அன்பா? என்னை பெல்ட்டால அடிச்சாரு" என்றான் மூத்தவன். "உன்னை அடிச்சிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்து அழுதாரு. நீ பாக்கல, நான் பாத்தேன்" என்றாள் அடுத்தவள். கடைசியில் பெயரும் ஊரும் மட்டும் எழுதினோம். அவர்கள் போனபின் பெருமாள் உளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நாலு பேருக்கு நாலு அப்பாக்கா. கல்லு ஒண்ணுதான் கீது."

முடிந்தது

இயேசுவின் கடைசி வார்த்தையிலும் நால்வருக்கு ஒற்றுமை இல்லை. மத்தேயுவிலும் மாற்கிலும் கைவிடப்பட்டவரின் அலறல். லூக்காவில், தகப்பன் கையில் தன்னை ஒப்படைக்கிற அமைதி. யோவானில் ஒரே ஒரு சொல்: முடிந்தது. அந்தச் சொல்லின் ஓசை எனக்குப் பிடிக்கும். "முடி" என்று இறுக்கிப் பிடித்து, "ந்தது" என்று கையை விட்டுவிடுகிறது.

ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றும் கேஜில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி வந்திருந்தாள். மூன்றையும் படித்துக் காட்டினேன். பெரும்பாலும் லூக்காவைத்தான் எடுப்பார்கள், ஆறுதலாக இருப்பதால். அவள் யோவானைக் கேட்டாள். அது எடுத்த வேலையை நிறைவேற்றியவரின் சொல் என்று என் படிப்பைக் கொஞ்சம் காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. டெய்லி ஷிப்ட் முடிச்சி வந்து, பூட்ஸைக் கழட்டி வெச்சிட்டு அவுரு சொல்றது இதான்: முடிஞ்சுதுடி, சோறு போடு."

எத்தனை தேவதூதர்

இயேசு உயிர்த்தெழுந்த காலைக் காட்சியைக் கல்லில் செதுக்கவேண்டும் என்று ஒரு பென்ஷன்காரர் கேட்டார். உருண்டு கிடக்கும் கல், காலியான கல்லறை, பக்கத்தில் தேவதூதர். எத்தனை தேவதூதர் என்றேன். "அதுகூடத் தெரியாமலா கடை வெச்சிக்கீறீங்க?" என்று சிரித்தார். என் குற்றமில்லை. மத்தேயுவில் ஒரு தூதன், அதுவும் கல்மேல் உட்கார்ந்திருக்கிறான். மாற்கில் வெள்ளையுடுத்த ஒரு வாலிபன். லூக்காவில் இரண்டு மனிதர். யோவானில் இரண்டு தூதர். பைபிளில் நான்கு இடத்தையும் திறந்து காட்டினேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கையும் நிதானமாகப் படித்தார். சுரங்கத்தில் பம்ப் ஓட்டியவர். "இதுல இன்னாம்மா குழப்பம்? ஷிப்டுல ஒருத்தருதான் நிப்பாரு. ஷிப்ட் மாத்தற நேரத்துக்குப் போனீங்கன்னா ரெண்டு பேரு இருப்பாங்க."

காளைக்கு மணி

சுவிசேஷக்காரர்களுக்கு ஆளுக்கொரு அடையாளம் உண்டு. மத்தேயுவுக்கு மனிதன், மாற்குக்குச் சிங்கம், லூக்காவுக்குக் காளை, யோவானுக்குக் கழுகு. நான்குக்கும் சிறகு. கழுகு உயரத்திலிருந்து பார்க்கும். காளை, பாரம் சுமக்கிறவர்களின் உயரத்திலிருந்து பார்க்கும். ஒரு போதகரின் கல்லுக்கு நான்கு மூலையிலும் இவற்றைக் கேட்டார்கள். பெருமாளுடையது கோயில் சிற்ப வேலை செய்த குடும்பம். கழுகு கருடனாக மாறிக் கைகூப்பிவிடாமல் பார்த்துக்கொள்வதிலேயே எனக்கு ஒரு வாரம் போயிற்று. காளையைக் கவனிக்க விட்டுவிட்டேன். முடிந்தபின் பார்க்கிறேன், லூக்காவின் காளை முன்காலை மடக்கிப் படுத்திருக்கிறது, கழுத்தில் மணிச்சரம்.

"பெருமாள், இது நந்தி" என்றேன். அவர் குனிந்து மணியின்மேல் இருந்த தூசியை ஊதினார். "கழுத்துல மணி இல்லன்னா அது யாருமில்லாத மாடுக்கா. அதுக்கும் ஒரு வீடு இருக்க வேணாமா?"

வலது சிலுவை

எஸ்தர் வந்தது ஒரு மழைக்காலக் காலையில். பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை செய்கிறவள். அவள் மகன் டேவிட் இறந்து அப்போது ஒரு வருடம். மூடிக் கிடக்கும் பழைய ஷாஃப்ட் குழி ஒன்றுக்குள், மிச்சம் மீதி தங்கத்தைத் தேடித் திருட்டுத்தனமாக இறங்கியவர்கள் மூன்று பேர். ஏறி வந்தவர்கள் இரண்டு பேர். டேவிட்டை வெளியே எடுக்க நான்கு நாள் ஆயிற்று. அடக்கத்துக்குச் சபையில் பாதிப் பேர் வரவில்லை. குழிமேல் கல்லும் இல்லை.

அவள் ஒரு தாளை நீட்டினாள். பென்சிலால் மூன்று சிலுவைகள் வரைந்திருந்தாள். "நடுவுல கர்த்தரு. வலது பக்கம் இருக்கறவன்மேல என் புள்ள பேரை எழுதணும்க்கா."

இயேசுவோடு இரண்டு திருடர்களையும் சிலுவையில் அறைந்தார்கள். அவர்களில் ஒருவன் கடைசி நேரத்தில் தன்னை நினைத்துக்கொள்ளும்படி அவரைக் கேட்டான். இன்றைக்கே நீ என்னோடு பரதீசில் இருப்பாய் என்ற பதிலும் பெற்றான். அவன் வலது பக்கத்தில் இருந்தவன் என்பது வழிவழியாகச் சொல்வது. பெயர் எந்தச் சுவிசேஷத்திலும் இல்லை. அந்தக் காலி இடத்தைத்தான் எஸ்தர் மகனுக்குக் கேட்டாள்.

எந்தக் கல்லுக்கும் சபைக் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். செயலாளர் கடைக்கே வந்தார். சுரங்கத்தில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீசில் இருந்தவர், கெட்டவரில்லை, ஒழுங்கைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவர். "சிஸ்டர், ஓரத்துச் சிலுவையில பேரை வெட்டினா, அவன் திருடன்னு நம்மளே கல்லுல எழுதி வெச்ச மாதிரி ஆவாதா?" என்று என்னைக் கேட்டார்.

எஸ்தர் முந்திக்கொண்டாள். "ஊரு அதை எப்பவோ எழுதிடுச்சிங்கய்யா. மீதியைத்தான் நான் எழுதச் சொல்றேன்."

"கேளும்மா எஸ்தர். ஒருத்தன் மனம் திரும்பினான்னு சொல்றது லூக்கா மட்டுந்தான். மத்தேயுவும் மாற்கும் ரெண்டு திருடனுங்களுமே அவரைப் பழிச்சாங்கன்னு எழுதிக்கீறாங்க. யோவான் அதைப் பத்தி வாயே தொறக்கல. நீ யாரை நம்புவ?"

நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் கேட்டதுதான். எஸ்தர் அவரைப் பார்த்துச் சொன்னாள்:

"டேவிட்கூட எறங்கின ரெண்டு பேரும் தனித்தனியா என் வூட்டுக்கு வந்தானுங்க. ஒருத்தன் சொல்றான், கயிறு அறுந்து வுழுந்ததும் எங்களை அசிங்க அசிங்கமா திட்டினாம்மா, உங்களாலதாண்டா செத்தேன்னான். இன்னொருத்தன் கொஞ்சம் தாமசமா மேல ஏறினவன். அவன் சொல்றான், நீ போடா, எங்கம்மாகிட்ட சொல்லிடுன்னான். எவன் பொய் சொல்றான்னு நான் கேக்கல. என் புள்ளயை எனக்குத் தெரியும். மொதல்ல திட்டுவான், அப்பறந்தான் பேசுவான். அந்தத் திருடனும் காலையில திட்டியிருப்பான், மத்தியானம் கேட்டிருப்பான். மத்தவங்க காலையில பாத்துட்டுப் போய்ட்டாங்க. லூக்கா கடைசி வரைக்கும் நின்னாரு."

லூக்கா அந்த இடத்திலேயே இருந்தவரில்லை என்று நான் சொல்லவில்லை. செயலாளரும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல பேரு வேணாம். அது கீழ தனியா வரட்டும். வலது சிலுவை அடியில ஒரு பூ போட்டுக்கோங்க, சின்னதா."

அந்த வாரம்தான் எனக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. வழக்கமாகப் பெருமாளுக்குப் படம் போட்டுக் கொடுப்பேன். அன்று எழுதி மட்டும் கொடுத்தேன்: வலது சிலுவையின் அடியில் ஒரு பூ. அவரும் அப்படியே செதுக்கினார். கல் தயாரானதும் செயலாளரும் எஸ்தரும் பார்க்க வந்தார்கள். செயலாளர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார். "இன்னா சிஸ்டர் இது! தப்பான ஆளுக்குப் பூ வெச்சிட்டீங்களே!"

எதிரே நின்ற எங்களுக்குப் பூ இடது கைப்பக்கம் இருந்தது. கடைசிவரை பழித்தவனின் காலடியில். கருங்கல்லில் வெட்டியதை அழிக்க முடியாது. இந்தக் கல்லைக் கமிட்டி ஏற்காது. ஏற்றாலும் டேவிட் என்றைக்கும் அந்த இன்னொரு திருடனாகவே நிற்பான். தப்பு என்னுடையது. யாருக்கு வலது என்று நான் எழுதவில்லை. எஸ்தரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெருமாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "வலதுன்னா சாமியோட வலது கைதாங்க. எங்க வம்சத்துல அப்படித்தான் செதுக்கறோம். வந்து பாக்கறவனுக்கு எது வலதுன்னு சாமி கேட்டுக்கினு இருக்குமா?"

எஸ்தர் கல்லைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கட்டைகளுக்கு நடுவில் நிறுத்தியிருந்த கல்லுக்குப் பின்னால், எங்களைப் பார்த்தபடி நின்றாள். தலை மட்டும் மேலே தெரிந்தது. வலது கையை நீட்டி, விளிம்பைச் சுற்றி முன்பக்கம் கொண்டுவந்து துழாவினாள். விரல்கள் பூவின்மேல் வந்து நின்றன. "கர்த்தரு இருந்த எடத்துலேர்ந்து பாருங்கய்யா. என் புள்ள சரியான பக்கத்துலதான் கீறான்."

செயலாளர் அங்கேயே நின்று ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருடம் நான்கு சுவிசேஷங்களையும் ஒப்பிட்டுப் படித்த நான், எல்லாக் கல்லுக்கும் முன்னால் மட்டுமே நின்றிருக்கிறேன். எஸ்தர் போன வருடம் பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் தங்கை வீட்டில் இறந்துபோனாள். அங்கேயே அடக்கம் செய்தார்கள், அவளுக்குக் கல் இன்னும் வைக்கவில்லை.